தூரத்தில் நின்ற தமக்கை
வேத பாடம்: யாத்திராகமம் 2-ம் அதிகாரம், 1 முதல் 10 வரை



கடந்த மாதம் உபவாச ஜெபம் முடிந்தும் ஒரு சகோதரி எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னவென்று கேட்டேன். "பாஸ்டர், பிள்ளையை அவங்க பெரியம்மாகிட்ட கொடுக்கப் போறாங்களாம். ராத்திரியில மூச்சு நின்னா அவங்களுக்கு என்ன தெரியும்? நான் எப்படி விடுவேன்?" என்று அழுதார்கள்.

இந்தச் சகோதரி இங்கே அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேர் உரிமம் பெற்றவர்கள். பெற்றோரால் இப்போதைக்கு வளர்க்க முடியாத பிள்ளையை அரசாங்கம் வேறொரு வீட்டில் ஒப்படைப்பதுதான் ஃபாஸ்டர் கேர். அது தத்து அல்ல. இவர்களிடம் வந்தது குறைமாதத்தில் பிறந்த சிசு. வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் பால். தூங்கும்போது மூச்சைக் கவனிக்க ஒரு மானிட்டர். எட்டு மாதமாகச் சகோதரி ஒரு இரவும் முழுசாகத் தூங்கியதில்லை.

அன்று நான் எப்படி ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த உறவினரின் கதவை அடைத்துப்போடும்" என்று ஜெபித்தேன். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தபோது கர்த்தர் என்னைக் கடிந்துகொண்டார். அதையே இன்று பாடமாக எழுதுகிறேன்.

1. தமக்கை சண்டை போடவில்லை

மூன்று மாதப் பிள்ளை நாணற்பெட்டியில் கிடக்கிறது. தமக்கை தூரத்தில் நின்று கவனிக்கிறாள். பார்வோனின் குமாரத்தி பெட்டியைத் திறந்தவுடன், "இது எங்கள் பிள்ளை" என்று கத்தினாளா? இல்லை. அந்த நிமிஷத்தில் பிள்ளைக்கு எது தேவையோ அதை மட்டும் பேசினாள். பால் கொடுக்க ஒரு ஸ்திரீயை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். சின்னப் பேச்சுதான், ஆனால் ஏற்ற நேரத்தில் பேசினாள். பிள்ளை பிழைத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அப்படி வந்தவள் பெற்ற தாயே! இரத்த உறவை வேதம் அற்பமாக எண்ணுகிறதில்லை. தாய் தகப்பன் இல்லாத எஸ்தரை எடுத்து வளர்த்த மொர்தெகாயும் சொந்தக்காரன்தானே?

2. சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

2008-ம் ஆண்டின் ஃபெடரல் சட்டப்படி, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து எடுத்த 30 நாட்களுக்குள் உறவினர்களைத் தேடி அறிவிக்க வேண்டும். ஆகவே அந்தப் பெரியம்மா பிள்ளையைப் பறிக்க வந்தவர் அல்ல, அழைக்கப்பட்டு வந்தவர். அவர் வேறு மாநிலத்தில் இருப்பதால், மாநிலங்களுக்கிடையேயான உடன்படிக்கையின்படி அந்த மாநிலம் வீட்டைப் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை கொடுக்க 2006-ம் ஆண்டுச் சட்டம் 60 நாள் குறித்திருக்கிறது.

அதே சட்டம் ஃபாஸ்டர் பெற்றோருக்கும் ஒரு உரிமை கொடுத்தது. பிள்ளையைப் பற்றிய விசாரணையில் அவர்கள் சொல்வதையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். அதனால் மட்டும் அவர்கள் வழக்கில் ஒரு கட்சியாகிவிடுவதில்லை. பிள்ளையின் சுகமும் பாதுகாப்புமே முதலாவது என்று 1997-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. நாம் நின்று பேச வேண்டிய இடம் அதுவே.

பிள்ளைக்காகப் பேச நீதிமன்றம் நியமிக்கும் 'காசா' தொண்டர்களும் உண்டு. 1977-ல் சியாட்டிலில் ஒரு நீதிபதி தொடங்கியது அது. நம் விசுவாசிகளும் பயிற்சி பெற்று இதைச் செய்யலாம்.

3. எப்படிப் பேசுவது?

அ) எழுதி வையுங்கள். எத்தனை மில்லி பால், எத்தனை தடவை வாந்தி, மானிட்டர் எப்போது அலறியது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தினமும் தேதியோடு எழுதுங்கள். "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? நோட்டைக் காட்டினால் படித்துப் பார்ப்பார்.

ஆ) டாக்டரைப் பேச விடுங்கள். என்ன பராமரிப்பு வேண்டும், யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வரும்படி கேஸ் வொர்க்கரிடம் கேளுங்கள்.

இ) "கொடுக்காதீங்க" என்பதைவிட "கொடுக்கும் முன் இவை ஆயத்தமாகட்டும்" என்று கேளுங்கள். பெரியம்மா குழாயில் பால் கொடுக்கவும், சிசுவுக்கு மூச்சு நின்றால் முதலுதவி செய்யவும் கற்கட்டும். சில இரவுகள் பிள்ளையோடு தங்கிப் பழகட்டும். கருவிகள் பிள்ளைக்கு முன்னே அந்த வீட்டுக்குப் போகட்டும். புது டாக்டரைப் பார்க்கும் நாள் குறிக்கப்படட்டும். மருத்துவக் காப்பீடு ஒரு நாளும் அறுந்துபோகாதிருக்கட்டும். அந்த வீட்டில் மெய்யாகவே ஆபத்து கண்டால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஈ) பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள். சாட்சி நேரத்திலும் வேண்டாம். "ஒரு பிள்ளைக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும், கர்த்தருக்குத் தெரியும்.

4. பட்டயத்துக்கு முன் யார் தாய்?

சாலொமோனிடம் வந்த இரண்டு ஸ்திரீகளின் சம்பவத்தை வாசிக்கும்போது, நாம் எல்லாரும் நம்மையே உண்மையான தாயாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தாய் என்று விளங்கினது யார்? பிள்ளை தன் கையைவிட்டுப் போனாலும் உயிரோடிருக்கட்டும் என்றவளே. நம் இருதயத்தை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போமா?

கேஸ் வொர்க்கரின் அனுமதியோடு சகோதரி அந்தப் பெரியம்மாவிடம் போனில் பேசினார்கள். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பிள்ளை சிரிக்கிறதா?" என்பதே. சகோதரி என்னிடம், "பாஸ்டர், அந்தக் கேள்வியில நான் உடைஞ்சு போயிட்டேன்" என்றார்கள். இப்போது வீடியோவில் குழாயில் பால் கொடுப்பதைக் காட்டிக் கொடுக்கிறார்கள். அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம் என்ற வேண்டுகோளையும், எட்டு மாத நோட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். தீர்ப்பு எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியாது.

அன்பானவர்களே, அந்தப் பிள்ளைக்காகவும், இரண்டு வீடுகளுக்காகவும், நீதிபதிக்காகவும் ஜெபியுங்கள். கதவு அடைபட வேண்டும் என்றல்ல, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுச் சும்மா இராமல், ஒரு நாள் சமைத்துச் சகோதரியின் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளை போகும் நாள் வந்தால், அந்த ராத்திரி அவர்களைத் தனியே விடாதிருங்கள்.

கர்த்தர் தாமே நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.