தண்ணீர்த் துப்பாக்கி: சிறியது என்றால் மட்டமா?

கோடை விடுமுறையில் பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்கும் பொருள்களில் தண்ணீர்த் துப்பாக்கியும் ஒன்று. பொன்னேரி வட்டத்துக் காட்டூரிலும், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலும் அதை வாங்கும்போது வேறிடத்தில் எழாத கேள்விகள் எழும். கண்ணுக்கு எட்டிய தூரம் நீர் இருந்தாலும் குடிக்கும் நீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர்கள் இவை. ஆகவே பெட்டியின் மேல் உள்ள படத்தை நம்பாமல், நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: பெரிய துப்பாக்கிதான் நல்ல துப்பாக்கி.

உண்மை: தொட்டியின் அளவுக்கும் நீர் பாயும் தூரத்துக்கும் தொடர்பு இல்லை. தூரத்தைத் தீர்மானிப்பவை உள்ளே உண்டாகும் அழுத்தமும் முனைத் துளையும்தான். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 5 மீட்டர் தொலைவுக்கு நீர் நொடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் போதும். 10 மீட்டருக்குச் சுமார் 10 மீட்டர் வேகம் வேண்டும். அழுத்தமோ இரண்டு மடங்கு வேண்டும். வீட்டு முற்றத்தில் எதிராளி நிற்பது நாலைந்து மீட்டரில். அங்கே கூடுதல் அழுத்தத்தால் ஆகும் நன்மை எதுவும் இல்லை. பெரிய தொட்டியால் சுமைதான் கூடும்: 1 லிட்டர் நீர் 1 கிலோ. ஆறு வயதுக் குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நம்பிக்கை: துளை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு தூரம் பாயும்.

உண்மை: மிக மெல்லிய தாரை விரைவில் துளிகளாகச் சிதறும். சிறு துளிகளைக் காற்று எளிதில் தடுத்து நிறுத்திவிடும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின், காற்றை எதிர்த்து அடித்த நீர் அடித்தவர் முகத்திலேயே தூறலாக விழுவது இதனால்தான். அகன்ற துளை தாரையைக் கட்டுக்குலையாமல் காக்கும். ஆனால் தொட்டி சீக்கிரம் காலியாகும். நடுத்தரத் துளையே முற்றத்துக்குப் பொருத்தம்.

நம்பிக்கை: ஏரித் தண்ணீர் இலவசம்; அதையே நிரப்பினால் போயிற்று.

உண்மை: பொம்மையைச் சீக்கிரம் கெடுக்கும் வழி இது. விசையை அழுத்தினால் சிறிய உந்துதண்டு நீரை வெளியே தள்ளும். விட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்து மறுபடி நீரை உறிஞ்சும். இரண்டு சிறு வால்வுகள் நீர் திரும்பி ஓடாமல் காக்கும். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கோடையில் அதன் உப்பு ஏறும். அந்த உப்பு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். உலர்ந்தபின் வால்விலும் முனையிலும் படிந்து அடைக்கும். நுண்சேறும் சேர்ந்தால் விசை இறுகிவிடும். கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு. ஏரி நீரைத் தவறி ஊற்றிவிட்டால், நல்ல நீரை நிரப்பிப் பலமுறை அடித்து அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள்.

நம்பிக்கை: குடிநீர் அரிதாக இருக்கும் ஊரில் இந்த விளையாட்டே வீண்செலவு.

உண்மை: கணக்கு வேறு சொல்கிறது. 250 மில்லிலிட்டர் தொட்டியை இருபது முறை நிரப்பினாலும் செலவு 5 லிட்டர்தான். ஒரு வாளியைத் தூக்கி ஒருவர் தலையில் ஊற்றினால் நொடியில் தீர்வது அதைவிட அதிகம். ஆளுக்கு இத்தனை செம்பு என்று முன்கூட்டியே அளந்து கொடுங்கள். முருங்கை, தென்னை அடியில் விளையாட விட்டால் அந்த நீரும் வேருக்குப் போய்ச் சேரும். சிறிய துப்பாக்கியின் பெரிய பெருமையே இந்தச் சிக்கனம்தான்.

நம்பிக்கை: தண்ணீர்தானே, பட்டால் என்ன ஆகிவிடும்?

உண்மை: வலுவான தாரை மிக அருகிலிருந்து கண்ணில் பட்டால் கருவிழியில் சிராய்ப்பு ஏற்படவும், கண்ணுக்குள் இரத்தம் கசியவும் கூடும். மதுரைச் சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கள்ளழகர் மீது தோல் துருத்தியால் நீர் பீய்ச்சுவது அங்கே நெடுநாள் வழக்கம். சிலர் உயர் அழுத்தப் பம்புகளைக் கொண்டு வந்தபோது, 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் கூடாது என்றது. நீர் பீய்ச்சுவதில் குற்றம் இல்லை, அழுத்தத்துக்குத்தான் எல்லை வேண்டும். முகத்துக்கு நேரே அடிக்கக் கூடாது என்பதே பிள்ளைகளுக்கு முதல் விதி. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்க விடாதீர்கள். வலி, மங்கல், சிவப்பு நீடித்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

நம்பிக்கை: இது வெளிநாட்டிலிருந்து வந்த விளையாட்டு.

உண்மை: பரிபாடலின் வையைப் பாடல்களிலேயே அரக்கு நிற நீரை ஒருவர் மீது ஒருவர் பீய்ச்சி ஆடும் காட்சி உண்டு. காற்றை அழுத்தி நீரைத் தள்ளும் இன்றைய வகைதான் வெளியே பிறந்தது. அமெரிக்கப் பொறியாளர் லானி ஜான்சன், 1982இல் நீரைப் பயன்படுத்தும் வெப்பப் பம்பு ஒன்றைச் சோதித்தபோது குளியலறையில் பாய்ந்த தாரையைக் கண்டு அந்த யோசனையைப் பெற்றார். 1990இல் கடைக்கு வந்த பொம்மை, அடுத்த ஆண்டு சூப்பர் சோக்கர் என்ற பெயரைப் பெற்றது.

நம்பிக்கை: பத்து நாள் விளையாடும் பொம்மைக்கு முத்திரை எதற்கு?

உண்மை: 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கூர்முனை, கழன்றுவரும் சிறு பாகம், நச்சுப் பொருள் ஆகியவற்றைச் சோதித்த பிறகே அது கிடைக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில், தனியே கழலும் சிறு மூடி தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. உடலோடு பட்டையால் கோத்த மூடியே நல்லது.

கடையில் நீர் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். முனையை விரலால் அடைத்து விசையை அழுத்துங்கள். காற்று எதிர்த்துத் தள்ளினால் உள்ளே கசிவு இல்லை. தங்கு தடையின்றி விசை உள்ளே போனால் வேறொன்றைக் கேளுங்கள். விளையாடி முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய சிறிதளவு நீரிலும் டெங்கு கொசு முட்டையிடும்.

கையடக்கமான, விசையால் இயங்கும், முத்திரை உள்ள சிறிய துப்பாக்கியே ஏரியோர முற்றங்களுக்கு ஏற்றது. பெற்றோர்களே, தொட்டியின் அளவைக் கேட்பதை விட்டுவிட்டு முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். நல்ல நீரை அளந்து கொடுத்துப் பிள்ளைகளை மனம்போல் நனைய விடுங்கள்.