சருகுக்குள் மறைந்திருக்கும் விரியன்

விஷப்பாம்பு என்றதும் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இலங்கையில் மிக அதிகமானோரைத் தீண்டும் விஷப்பாம்புகளில் ஒன்று, பெரும்பாலும் ஒரு முழத்துக்கு மேல் வளராத சிறிய பாம்பாகும். சிங்களத்தில் இதனைக் 'குணகட்டுவா' என்றும் 'பொலொன் தெலிஸ்ஸா' என்றும் அழைப்பர். இறப்பர் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில் என் உம்மம்மாவும் 'குணகட்டுவா' என்றே சொல்வார். விஞ்ஞானப் பெயர் ஹிப்னாலே ஹிப்னாலே. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான், இதனை இனங்காணும் முறையைச் சகோதரிகளோடும் பெற்றோரோடும் பகிர விரும்புகிறேன்.

தோற்றம்

இதன் நீளம் பெரும்பாலும் 30 முதல் 45 சென்ரிமீற்றர் வரையாகும். தலை அகன்று முக்கோண வடிவாகவும் கழுத்து ஒடுங்கியும் இருக்கும். மூக்கின் நுனி மேல்நோக்கி நிமிர்ந்து சிறு மேடுபோலத் தெரியும். இதுவே முக்கிய அடையாளம். கண்ணுக்கும் நாசித் துவாரத்துக்கும் இடையே ஒரு குழி உண்டு. இரையின் உடல் வெப்பத்தை அதனால் உணர்ந்துகொள்ளும். எனவேதான் இது குழிவிரியன் வகையில் சேர்கிறது. உடல் சாம்பல் அல்லது கபில நிறமானது. இரு பக்கமும் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஓய்வாகச் சுருண்டு கிடக்கும்போது தலையைச் சற்று உயர்த்தியே வைத்திருக்கும்.

கண்ணாடி விரியன் இதைவிடப் பருத்து, ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். அதற்குக் குழியும் இல்லை, நிமிர்ந்த மூக்கும் இல்லை. முதுகில் சங்கிலிபோல வட்டப் புள்ளிகள் உண்டு. ஆயினும் அதன் குட்டியும் சிறியதே. ஆகவே நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வாழிடம்

ஈரவலயக் காடுகளின் உதிர்ந்த சருகுகளே இதன் இருப்பிடம். தேயிலை, இறப்பர், தென்னை, ஏலத் தோட்டங்களிலும் தாராளமாக உண்டு. பகலில் சருகு, மரக்கட்டை, கற்குவியல் ஆகியவற்றின் கீழ் அசையாது கிடக்கும். இருட்டிய பின் இரை தேடும். காய்ந்த இலையின் நிறமே இதன் நிறமும் என்பதால் அருகில் சென்றாலும் கண்ணுக்குப் படாது. நம்மைக் கண்டு ஓடவும் மாட்டாது. எனவே கடி பெரும்பாலும் பாதத்திலும் கைவிரலிலும் விழுகிறது. விறகு பொறுக்குவோர், கொழுந்து பறிப்போர், முற்றம் கூட்டுவோர், பால் வெட்டுவோர் ஆகியோரே அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

இனங்காண்பது ஏன் அவசியம்?

நம் நாட்டில் வழமையாகப் பயன்படும் இந்தியத் தயாரிப்பான விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் உரியது. குணகட்டுவாவின் விஷத்தை அது முறிப்பதில்லை. அம்மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும். ஆகவே தவறாக இனங்கண்டால் பயனில்லாத மருந்தின் ஆபத்தையும் நோயாளி சுமக்க நேரிடும். பெரும்பாலானோருக்கு வலி, வீக்கம், கொப்புளம் என்பவற்றோடு முடிந்துவிடும். ஆனால் சிலருக்கு இரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு, மரணங்களும் பதிவாகியுள்ளன. "சின்னப் பாம்புதானே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கடித்தால்

கடிபட்டவரைப் பதற்றப்படாமல் படுக்க வைத்து, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்திருங்கள். மோதிரம், காப்பு, கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் தீங்கானவை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயன்றால் இன்னொருவரும் கடிபடலாம். தூரத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டால் மேலே சொன்ன அடையாளங்களை நினைவில் வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இப்பாம்பு தவளை, பல்லி, எலி ஆகியவற்றை உண்டு வாழ்வது. மனிதரைத் தேடி வருவதில்லை. எனவே சருகுக் குவியலில் கையை விடுமுன் ஒரு தடியால் கிளறிப் பாருங்கள். தோட்டத்துக்குச் சப்பாத்து அணிந்து செல்லுங்கள். மஃரிபுக்குப் பின் முற்றத்தில் இறங்கினால் டோர்ச்சைக் கையில் எடுங்கள்.