பழைய காயமும் புதிய காயமும்: வேலைத்தல நட்டஈட்டில் உங்கள் பங்கு

ஊர் திரும்பிய பின் உங்கள் வீட்டில் ஒருவர் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கவோ, சீனக்குடாப் பக்கம் ஆலை வேலைக்கோ போகத் தொடங்கியிருப்பார். அவருடைய உடம்பில் ஏற்கெனவே ஒரு காயம் இருக்கலாம். ஷெல் பட்டதாயிருக்கலாம், தமிழ்நாட்டு முகாமில் இருந்தபோது கட்டட வேலையில் விழுந்ததாயிருக்கலாம். இங்கே மறுபடி அடிபட்டால் முதலாளி தரப்பு, "உமக்கு முந்தியே கை ஏலாதுதானே" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், நிரந்தர இயலாமையை உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பாக அளக்கிறது. எந்த உறுப்புப் போனால் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. விபத்து நடந்த வேளையில் அவரால் செய்யக்கூடியதாயிருந்த வேலைகளை வைத்தே இழப்புப் பார்க்கப்படும். பழைய காயத்தோடும் அவர் உழைத்துக்கொண்டுதானே இருந்தார்? அந்த உழைப்பில் இப்போது எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி.

ஒரே விபத்தில் விரலும் போய், கண்ணும் பழுதானால் இரண்டின் தொகையும் கூட்டப்படும். கூட்டிய தொகை முழு நிரந்தர இயலாமைக்குரியதை மீறாது. இதில் சிக்கல் குறைவு.

வேறு வேறு விபத்துகள் என்றால் ஒவ்வொன்றும் தனிக் கோரிக்கை. முன்பு காலில் காயம், இப்போது கைவிரல் துண்டானது என்றால், விரலுக்குரிய வீதத்தில் காலுக்காக எதையும் கழிக்க இடமில்லை. அதே கையில் இரண்டாம் தடவை அடிபட்டால்தான் பிரிக்க வேண்டி வரும். விளங்குவதற்காக ஒரு கணக்கு: அந்தக் கையின் மொத்த இழப்பு இன்று 35 வீதம், முந்தியது 20 வீதம் என்றால், இந்த முதலாளி பொறுப்பேற்க வேண்டியது 15 வீதத்துக்கு. முந்தியது எவ்வளவு என்று காட்டக் கடதாசி இல்லாவிட்டால் வாக்குவாதம் முழுவதும் அங்கேதான் நடக்கும்.

ஆகவே பழைய காயத்தை டொக்டரிடம் மறைக்க வேண்டாம். மறைத்தால் நட்டஈடு கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பின்னர் அது வெளிவந்தால் உண்மையான கோரிக்கையையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எது பழையது, எது புதியது என்று வைத்திய அறிக்கையில் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட திகதியையும் வார்ட்டையும் சொல்லிப் பதிவை விசாரிக்கலாம்.

உள்ளூர் ஒப்பந்தக்காரர் கொஞ்சக் காசை நீட்டி, "இனி ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படியான உடன்படிக்கை சட்டப்படி செல்லாது. ஆனாலும் பிறகு அதைச் சொல்லி நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

விபத்தை முதலாளிக்கு உடனே எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போக வேண்டும். அதற்கான காலம் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே போகும்போது சம்பளத் துண்டு, வேலைக்கு வந்த நாட்களைக் குறித்த கொப்பி, வைத்திய அறிக்கை மூன்றையும் கொண்டுபோங்கள்.