படர்தாமரையும் வண்டுகொல்லி இலையும்

ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரி வரையில் நமுனுகுல மலைச்சாரலை விட்டு அகலுவதில்லை. நனைந்தே மலைக்குப் போய் நனைந்தே திரும்பும் மாதங்கள் இவை. இடுப்பில் கட்டிய படங்கு மாலை வரை காய்வதில்லை. வீட்டை இழந்து பொது இடங்களில் தங்கியிருப்போருக்கோ இன்னொரு சுமையும் சேர்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, உயிர் தப்பிய குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் நெருங்கி வாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே பாய், ஒரே துவாய், வெயில் படாத ஒரே கொடிக்கயிறு. இப்படியான இடங்களில் முதலில் வந்து கடைசியில் போகும் நோய் படர்தாமரை. தொடையிலும் மார்பின் கீழும் வருவதால் தாய்மார் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். மறைத்த நோய் வீடெல்லாம் பரவுகிறது.

இதைப் புழு என்றும் இரத்தக் கெடுதி என்றும் சொல்வார்கள். இரண்டும் அல்ல. இது ஒருவகைப் பூஞ்சணம். நனைந்த சாக்கில் பூஞ்சணம் பிடிப்பதைப் போல, ஈரம் காயாத தோலில் இது பிடிக்கிறது. தோலின் மேற்படையில் உள்ள கெரற்றின் என்னும் புரதமே அதன் உணவு. நடுவில் ஆறி ஓரத்தில் சிவந்து படர்வதால் வட்டமாகத் தெரிகிறது. இந்நோயின் வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெலானி, தொடையிடுக்கில் வரும் படர்தாமரையை ஆராய்ந்து, அதற்குக் காரணமான ஒரு பூஞ்சணத்தை 1910இல் விவரித்தார். டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்று இன்று அழைக்கப்படும் அதுவே உலகில் மிகப் பரவலாகத் தோலைப் பிடிக்கும் பூஞ்சணம்.

இனி மூலிகைக்கு வருவோம். ஓடைக்கரையிலும் ஈரமான தரிசிலும் ஆள் உயரத்திற்கு வளரும் ஒரு செடியைப் பலரும் கண்டிருப்பீர்கள். மெழுகுதிரி ஏற்றியது போல நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்து, நான்கு இறக்கை வைத்த காய். தமிழில் வண்டுகொல்லி அல்லது சீமையகத்தி, சிங்களத்தில் எத்தோர. குளிர் மிகுந்த மேல்மலையை விட, இறங்கிய இடங்களிலேயே நன்றாக வரும். வீதியோரத்துத் தகரையும் இதன் உறவுதான். தகரைக்கு வடமொழியில் உள்ள ஒரு பெயருக்குப் படர்தாமரையை அழிப்பது என்றே பொருள். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

வண்டுகொல்லி இலையில் கிரைசோபனோல், ரெயின், அலோ-எமோடின் என்னும் சேர்மங்கள் இருக்கின்றன. இவை பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியவை. ஆய்வுகூடங்களில் தண்ணீரில் எடுத்த சாற்றைவிட மதுசாரத்தில் எடுத்த சாறே பெரும்பாலும் வலுவாக வேலை செய்தது. இதைக் கேட்டதும் சாராயப் போத்தலைத் தேடும் சகோதரர்கள் சற்றுப் பொறுக்கவும். பச்சை இலையை மை போல அரைத்தாலே வீட்டுக்குப் போதும். பிலிப்பைன்ஸ் நாட்டின் சுகாதாரத் திணைக்களம் மக்களுக்குப் பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே இதைக் களிம்பாகவும் பூச்சுத் தைலமாகவும் செய்கிறார்கள். தேமலுக்கு இதன் இலைச்சாறு பயன்படுவதாகப் பத்தாண்டுகள் நோயாளரிடம் பார்த்த இந்திய ஆய்வொன்று 1994இல் வெளியாயிற்று.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சணத்தை எத்தனையோ சாறுகள் கொல்லும். தட்டு வேறு, தோல் வேறு. பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பிரித்த அஜோயின் என்னும் சேர்மத்தை 0.4 வீதம் கலந்த களிம்பாக வெனிசுவேலாவில் 34 பேருக்குப் பூசிப் பார்த்தார்கள். கால்விரல் இடுக்கின் பூஞ்சண நோய் 27 பேருக்கு ஒரே வாரத்தில் குணமாயிற்று என 1996இல் அறிவித்தார்கள். அதைக் கேட்டுப் பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளமாகும். அளவோடு பிரித்த பொருள் வேறு, அரைத்த விழுது வேறு. எலுமிச்சம் சாற்றைச் சேர்த்துப் பூசி வெயிலில் கொழுந்து பறிக்கப் போவதும் இதே தவறுதான். சாறு பட்ட இடம் வெயிலில் வெந்து கறுக்கும்.

எனவே முறை இதுதான். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். புதிய இலையை அரைத்து முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு நாள் பாருங்கள். எரிச்சலோ தடிப்போ இல்லையென்றால் காலையும் மாலையும், வட்டத்திற்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூசலாம். கண்ணிலும் புண்ணிலும் படக்கூடாது. குடிக்கவும் கூடாது, இச்சேர்மங்கள் கடும் பேதியை உண்டாக்கும். அரிப்பு நின்றவுடன் விட்டுவிடுவதே நம் மக்களின் வழக்கம். தோலின் மேற்படை முழுதும் உரிந்து புதிதாக ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்து, அடையாளம் மறைந்த பின்னும் இரண்டு வாரம் தொடருங்கள். உள்ளாடை, துவாய், படங்கு ஆகியவற்றைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தாமல் எந்த இலையும் உதவாது. மழை நாட்களில் அடுப்பங்கரைச் சூட்டிலாவது காயவையுங்கள். வீட்டில் அரிப்புள்ள எல்லாரும் ஒரே காலத்தில் பூச வேண்டும்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். தலைமுடியிலும் நகத்திலும் பிடித்த பூஞ்சணத்திற்கு இலை போதாது, விழுங்கும் மருந்து வேண்டும். பிள்ளையின் தலையில் முடி கொட்டி வட்டமாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

எமது கூட்டமொன்றுக்கு வந்த ஒரு தாய் சிறிய டியூப் ஒன்றைக் காட்டினார். கடையில் கேட்டு வாங்கியது. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றதாம். மூன்று மாதத்தில் வயிறு முழுதும் படர்ந்து, தோல் மெலிந்து கோடு விழுந்திருந்தது. டியூபில் எழுதியிருந்தது பெற்றாமெதசோன் என்னும் ஸ்டிரொயிட். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சணத்தைக் கொல்லாது. உடல் எதிர்த்து நிற்கும் வலுவைக் குறைப்பதால் பூஞ்சணம் தாராளமாகப் படரும். இந்தியாவில் இத்தகைய களிம்புகள் கட்டுப்பாடின்றிப் புழங்கியதும் வழக்கமான மருந்துக்கு அடங்காத புதுவகைப் படர்தாமரை பரவ ஒரு காரணம் என வைத்தியர்கள் கருதுகிறார்கள். நாட்டு இலையைவிட இந்த டியூபுக்கே நாம் அதிகம் அஞ்சுகிறோம்.

மலிவான நல்ல மருந்தும் உண்டு. லண்டன் வைத்தியர் ஆதர் விட்பீல்டின் பெயரால் வழங்கும் களிம்பில் 6 வீதம் பென்சோயிக் அமிலமும் 3 வீதம் சலிசிலிக் அமிலமும் சேரும். முன்னது முதலில் சாம்பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னதன் தோற்றம் வில்லோ மரப்பட்டையோடு தொடர்புடையது. சாம்பிராணி கோயிலுக்கு மட்டும் உரியதென்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம்!

இன்னும் ஒன்று. வெளிறிய அல்லது செம்பு நிறத் தழும்பு அரிக்காமல் இருந்து, அதன்மேல் இறகாலோ பஞ்சாலோ தடவினால் உணர்ச்சி தெரியாவிட்டால், அது படர்தாமரையோ தேமலோ அல்ல, தொழுநோயாக இருக்கலாம். அதற்கு இலை அரைத்துப் பூசிக் காலம் கடத்தினால் கைவிரல் மடங்கிப் போகும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும், மருந்து தொடங்கியதும் தொற்றும் அபாயம் வேகமாக நீங்கும். யாரும் யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதர் கூட்டத்திற்கு வருபவர்கள் வீட்டில் பாவிக்கும் களிம்பு டியூபுகளைக் கொண்டுவாருங்கள். பெயரை ஒன்றாக வாசித்துப் பார்ப்போம். வண்டுகொல்லி விதை கிடைத்தால் ஓரிரவு ஊறவைத்து, பீலித் தண்ணீர் வடியும் பக்கத்தில் ஊன்றிவிடுங்கள்.