பரியும் பரிவும்

நுழையும்முன்

நாய்க்குட்டியைக் கண்டால் தூக்கிக் கொஞ்சவும், குதிரையைக் கண்டால் ஏறிச் செல்லவும் பலரும் விரும்புவர். விருப்பம் ஒரு நொடியில் தோன்றிவிடும். வளர்ப்போ பல ஆண்டுகள் தொடரும். வாய்பேசாத உயிர் ஒன்றைத் தம் பொறுப்பில் ஏற்பவர் அறிந்திருக்க வேண்டுவன எவை? தமிழகக் குதிரை வணிக வரலாற்றிலிருந்து தொடங்கி, வீட்டு முற்றத்து நாய்வரை வந்து இப்பாடம் அதனை விளக்குகிறது.

கடல் கடந்து வந்த குதிரைகள்

வெப்பமும் ஈரமும் மிகுந்த தமிழகக் கடற்கரை, குதிரைகள் இயல்பாகப் பெருகும் நிலமன்று. ஆனால், தேருக்கும் போருக்கும் குதிரைகள் தேவைப்பட்டன. ஆகவே, அவை கடல்வழியாக வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் இவ்வணிகம் பெருகியது. பாரசீக வளைகுடாவின் கீசு, ஓர்முசு ஆகிய துறைகளிலிருந்தும் ஏடனிலிருந்தும் புறப்பட்ட மரக்கலங்கள் குதிரைகளோடு காயல் துறைமுகத்தை அடைந்தன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகர வணிகர் மார்க்கோ போலோ, தம் பயண நூலில் வியப்பான ஒரு செய்தியைப் பதிவுசெய்துள்ளார். மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சவில்லை என்பதே அச்செய்தி. எண்ணிக்கை மிகையாகவே இருப்பினும், அவர் கூறும் காரணம் கருதத்தக்கது. குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் நாட்டில் இல்லை. அக்கலை அறிந்தவர் இங்கு வருவதைக் குதிரை வணிகரும் விரும்பவில்லை. குதிரைகள் இறக்க இறக்க அவர்தம் வணிகம் வளர்ந்தது.

பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் என்பவரும் இதனையொட்டிய செய்திகளைத் தருகிறார். வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் குதிரைகளுக்கு உணவாயின. காய்ச்சிய பசும்பால் புகட்டப்பட்டது. நாற்பது நாள்கள் முளைகளில் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தபின், உரிய பயிற்சியின்றி அவை வேகமாக ஓட்டப்பட்டன. குதிரைகள் சிறிது காலத்திலேயே வலுவிழந்தன என அவர் எழுதுகிறார்.

இக்குறிப்புகளில் கஞ்சத்தனமோ கொடுமையோ காணப்படவில்லை. அக்கால மக்கள் உயர்ந்தவை எனக் கருதிய நெய்யும் பாலுமே குதிரைகளுக்கு வழங்கப்பட்டன. பரிவு இருந்தது; பரியைப் பற்றிய அறிவு இல்லை.

குதிரையின் வயிறு

நெய்ச்சோறு குதிரைக்கு ஏன் ஆகாது? விடை அதன் உடலமைப்பில் உள்ளது. ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரை மட்டுமே கொள்ளும். உடலின் அளவை நோக்க இது மிகச் சிறியது. புல்வெளியில் திரியும் குதிரை ஒரே வேளையில் வயிற்றை நிரப்புவதில்லை. நாளில் பெரும்பகுதியைச் சிறிது சிறிதாக மேய்வதிலேயே கழிக்கிறது. இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரக்கிறது. அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. ஆதலால், நெடுநேரம் வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்கு இரைப்பையில் புண் தோன்றக்கூடும்.

இரைப்பையைக் கடந்த நார்ப்பொருளைப் பெருங்குடற்பகுதியில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைத்துச் செரிக்கச் செய்கின்றன. உணவு திடீரென மாறினால் அவை நிலைகுலைகின்றன. தானியம் மிகுந்தால் வயிறு உப்புதல், குளம்பழற்சி முதலிய கொடிய நோய்கள் உண்டாகின்றன. வளர்ந்த குதிரையின் உடல் பாலைச் செரிப்பதற்கு ஏற்றதன்று. மேலும், உண்டது ஒவ்வாதபோது மனிதரைப்போல் வாந்தி எடுக்கக் குதிரையால் இயலாது. உள்ளே சென்ற தவறு வெளியேற வழியில்லை. ஆகவேதான் வயிற்றுவலி குதிரைக்கு உயிர்போக்கும் நோயாகிறது.

புல்லும் வைக்கோலுமே குதிரையின் முதன்மை உணவு. நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு வரை உலர்தீவனம் தேவை. கொள்ளு முதலிய தானியங்கள் உழைப்புக்கேற்ற துணையுணவாக மட்டுமே அமைதல் வேண்டும். புதிய தீவனத்தை ஒரு வாரத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் பழக்குதல் நலம்.

லாயத்தில் ஒரு நாள்

குதிரை வளர்ப்பவரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. முதல் வேலை தீவனம் இடுவதன்று, குதிரையைப் பார்ப்பது. இரவு இட்ட புல் மிஞ்சியிருக்கிறதா? சாணம் வழக்கம்போல் உள்ளதா? நான்கு கால்களிலும் எடையைச் சமமாகத் தாங்கி நிற்கிறதா? இவ்வினாக்களுக்குக் கண்களே விடை தேடும். பின்னரே தண்ணீர்த் தொட்டி கழுவப்படுகிறது. நாள்தோறும் 25 லிட்டருக்குக் குறையாத நல்ல நீர் குதிரைக்குத் தேவை; கோடையிலும் கடும் உழைப்பின்போதும் இத்தேவை மிகும்.

அடுத்து லாயத்தைத் தூய்மை செய்யும் பணி. ஈரமான தரையில் நிற்கும் குதிரையின் குளம்பு மென்மையாகி அழுகத் தொடங்கும். குளம்பின் அடிப்பகுதியில் சிக்கிய கல்லையும் சேற்றையும் கொக்கி போன்ற சிறு கருவியால் நாள்தோறும் அகற்ற வேண்டும். கிரேக்க அறிஞர் செனபோன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், லாயத்தின் தரை ஈரமின்றி இருத்தல் வேண்டும் என வலியுறுத்தியுள்ளார். கருவிகள் மாறினாலும் குளம்பின் இயல்பு மாறவில்லை.

குளம்பு மனிதரின் நகம்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீராக்க வேண்டும். லாடம் கட்டியிருப்பின் கழற்றி மாற்ற வேண்டும். லாடம் கட்டுபவரின் ஆணி ஒரு நூலளவு உள்வாங்கினாலும் குதிரை நொண்டும். கைத்திறனும் உடற்கூற்றறிவும் ஒருங்கே தேவைப்படும் தொழில் அது.

உடலைத் தேய்த்துத் தூரிகையிடுதல் அழகுக்காக மட்டுமன்று. கழுத்திலிருந்து பின்னங்கால்வரை கை செல்லும்போது வீக்கமும் சூடும் சிறு புண்ணும் தட்டுப்படும். சேணம் அழுத்தும் முதுகையும், வார் உராயும் வயிற்றையும் சிறப்பாக நோக்க வேண்டும். சிறு காயமும் குதிரைக்குத் தசைவிறைப்பு நோயைத் தரக்கூடும் என்பதால் அதற்குரிய தடுப்பூசி இன்றியமையாதது.

குதிரையை நெருங்குவதற்கும் முறை உண்டு. தலையின் இருபுறமும் கண்கள் அமைந்துள்ளதால் அது ஏறத்தாழ எல்லாப் பக்கமும் காணும். தன் நேர்பின்னால் உள்ளதைக் காணாது. பின்புறத்திலிருந்து ஓசையின்றி வருபவரை அது பகையெனக் கருதி உதைக்கும். பக்கவாட்டில், குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குபவரை ஏற்றுக்கொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

பரி, புரவி, இவுளி, மா முதலியன குதிரையைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள். குதிரை கட்டும் இடம் பந்தி எனவும் மந்துரை எனவும் வழங்கப்பட்டது. குதிரைப்பாகனுக்கு வாதுவன் என்று பெயர்.

சொல்லப்படாத வலி

வேட்டையாடப்படும் விலங்காக வாழ்ந்து வந்த குதிரை தன் வலியை வெளிக்காட்டுவதில்லை. கூட்டத்தில் நலிந்ததையே பகைவிலங்கு முதலில் தாக்கும். ஆகவே, வலியை மறைப்பது அதன் தற்காப்பு. இந்த இயல்பே வளர்ப்பவருக்குப் பெருஞ்சோதனையாகிறது. வயிற்றுவலி கண்ட குதிரை முதலில் உணவை மறுக்கும், பின்னர் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைக் கீறும், வியர்க்கும், படுத்துப் புரளும். முதல் குறிப்பிலேயே மருத்துவரை அழைப்பவர் குதிரையைக் காக்கிறார். புரளும்வரை காத்திருப்பவருக்குக் காலம் கடந்துவிடுகிறது.

நலமான குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை துடிக்கும். நலமாக இருக்கும் நாளின் அளவை அறிந்தவரே நலம் கெட்ட நாளைக் கண்டுகொள்வர். அன்றாடம் பார்ப்பவரின் கண் மருத்துவரின் கருவிக்கு முன்னோடி.

குதிரையைக் கொண்டு பிழைப்போர்க்கும் இது பொருந்தும். சென்னைக் கடற்கரையிலும் உதகையிலும் பயணிகளைச் சுமக்கும் குதிரையே ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய். அது நொண்டும் நாளில் ஓய்வளித்தால் அன்றைய கூலி போகும். ஓட்டினால் குதிரையே போகும். இவ்விரண்டுக்கும் இடையே முடிவெடுக்கும் சுமை அதன் உரிமையாளருடையது. நொண்டும் குதிரையின்மேல் ஏற மறுக்கும் பயணியும் அச்சுமையில் பங்கேற்கிறார்.

வீட்டு முற்றத்தில் அதே பிழை

பாண்டிய நாட்டில் நிகழ்ந்த பிழை இன்று வேறு வடிவில் வீடுகளில் தொடர்கிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் தாம் உண்ணும் சாக்லேட்டைச் சிறுவர் அன்போடு நாய்க்கு ஊட்டுகின்றனர். அதிலுள்ள தியோபுரோமின் என்னும் வேதிப்பொருளை மனித உடல் விரைவில் வெளியேற்றும். நாயின் உடலிலோ அது நெடுநேரம் தங்கி இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். வெங்காயம் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஊட்டும் கையில் அன்பு உண்டு. அந்த அன்பு மனிதரின் நாவை அளவுகோலாகக் கொள்கிறது.

வெப்பத்திலும் அவ்வாறே. மனிதருக்கு உடல் முழுதும் வியர்க்கும். நாயோ பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. குளிர்நாடுகளுக்குரிய அடர்ந்த மயிருடைய நாயைத் தமிழகக் கோடையில் மாடியில் கட்டிவைப்பது துன்பம் தருவதாகும். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு நாய்கள் இம்மண்ணின் வெயிலுக்கு இயைந்தவை. எனினும், ஓடித் திரிந்து பழகிய அவற்றையும் நாள் முழுதும் சங்கிலியில் பிணிப்பது தகாது.

நாய் வளர்ப்போர்க்குத் தடுப்பூசி ஊருக்கு ஆற்றும் கடமையுமாகும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர்பிழைத்தல் மிக அரிது, தடுத்தலோ எளிது. 1885ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் வெறிநோய்த் தடுப்பூசியை மனிதருக்குச் செலுத்தி வெற்றி கண்டார். அவர் பெயரால் குன்னூரில் 1907ஆம் ஆண்டு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் குறிக்கும் நாள்களில் தொடர் ஊசிகளும் செலுத்துதல் வேண்டும். நாய் கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தெரியுமா?

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1762ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை நிறுவிய கிளாடு பூர்ஜெலா, குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் ஒன்றின் தலைவராக இருந்தவர். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

ஆண்டுகளின் கணக்கு

நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும், குதிரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவர் வீட்டுக்குக் கொணரும் நாய்க்குட்டி, அவர் கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை உடனிருக்கும். பொதுத்தேர்வு நாளிலும் அதற்குப் பசிக்கும். விடுதியில் சேர்ந்து படிக்கச் செல்லும் ஆண்டில் அதனை நடத்திச் செல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். முதுமையில் அதன் கண் மங்கும், மருந்துச்செலவு கூடும். இக்கணக்கைப் போடாமல் வாங்கப்படும் குட்டிகளுள் பல, வளர்ந்தபின் தெருவில் விடப்படுகின்றன. அங்கு அவற்றின் பசியும் நோயும் ஊரின் சிக்கலாகின்றன.

இக்கடமையைச் சட்டமும் வகுத்துள்ளது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் மூன்றாம் பிரிவு, விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்திற்குரிய நடவடிக்கைகளை எடுத்தல் கடமை எனக் கூறுகிறது. தக்க காரணமின்றிக் கைவிட்டு, பசியாலும் தாகத்தாலும் வாடச் செய்வது அச்சட்டப்படி குற்றம். உயிர்களிடம் பரிவு காட்டுதலை இந்திய அரசியலமைப்பின் 51அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

காயல் துறையில் இறங்கிய குதிரைகளுக்குப் பொன் கொடுக்க மன்னர் இருந்தார். நெய் வார்க்க ஏவலர் இருந்தனர். அவற்றின் இயல்பை அறிந்து, நாள்தோறும் அருகிருந்து நோக்கும் ஒருவரே அவற்றுக்குத் தேவைப்பட்டார். விலங்கை வளர்க்க விழைபவர், அந்த ஒருவராகத் தம்மால் இருக்க இயலுமா என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயலாது என்று உணர்ந்து விலகுவதும் பரிவே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் குதிரை, மாடு, நாய் ஆகியவற்றுள் ஒன்றை வளர்ப்பவரைச் சந்தித்து, அவருடைய ஒருநாள் பணிகளைக் காலவரிசைப்படி தொகுத்து எழுதுக.
2. 'அன்பு மட்டும் போதுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. பாண்டிய நாட்டில் குதிரைகள் மடிந்தமைக்கு மார்க்கோ போலோ கூறும் காரணம் யாது?
2. குதிரைக்கு வயிற்றுவலி கொடிய நோயாவது ஏன்?

சிறுவினா
1. குதிரையின் குளம்பைப் பேணும் முறையை விளக்குக.
2. மனிதர் உணவு நாய்க்குத் தீங்காவதை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுக.

நெடுவினா
'பரிவு இருந்தது, பரியைப் பற்றிய அறிவு இல்லை' என்னும் கூற்றை, அன்றைய குதிரை வளர்ப்பையும் இன்றைய வீட்டுவிலங்கு வளர்ப்பையும் ஒப்பிட்டு நிறுவுக.