சித்தி கடைக்கு ஒரு பார்கோடு

போன செமஸ்டர் லீவுல சித்தியோட பொடிக் கடையில உட்கார்ந்திருந்தேன். "ஏன்டா, நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற? சூப்பர் மார்க்கெட்ல 'பீப்'னு அடிக்கிறாங்களே, அது நம்ம கடைக்கும் வருமா?"ன்னு கேட்டாங்க. "ஒரே நாள்ல முடிச்சிடலாம் சித்தி"ன்னு சொல்லிட்டேன். நாலு நாள் ஆச்சு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நாம கடையில பார்க்கிற பார்கோடுக்குள்ள பொதுவா விலையும் இல்லை, பொருளோட பேரும் இல்லை. இருப்பது ஒரு எண் மட்டும்தான். ஸ்கேனர் அதைப் படித்து, கீபோர்டில் தட்டியது போலக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பேர், விலை எல்லாம் நம்ம அட்டவணையிலிருந்துதான் வரும். விலை ஏறினாலும் பார்கோடை மாத்த வேண்டாம். அட்டவணையில ஒரு கட்டத்தை மாத்தினா போதும்.

சொந்தக் கடைக்குள்ள மட்டும்னா எண்ணுக்குச் செலவே இல்லை. கூகுள் ஃபான்ட்ஸில் 'லிப்ரே பார்கோடு 39' இலவசம். எக்செல்லில் பொருளுக்கு ஒரு எண் கொடுத்து, முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு (*101* மாதிரி) அந்த ஃபான்டுக்கு மாத்தினா கோடு தயார். நட்சத்திரத்தை விட்டுட்டா ஸ்கேனருக்கு ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது.

நான் சறுக்கினது வேற இடத்துல. இட்லிப் பொடி 100 கிராமுக்கும் 200 கிராமுக்கும் ஒரே எண் கொடுத்துட்டேன். பெரிய பாக்கெட்டெல்லாம் சின்ன பாக்கெட் விலைக்குப் போச்சு. சாயங்காலம் கல்லாவை எண்ணின சித்தி என்னை ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்தது. அளவு மாறினா எண்ணும் மாறணும்.

அடுத்தது, அழகா இருக்கட்டும்னு சிவப்பு மையில் அச்சடிச்சேன். பெரும்பாலான ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை. அதுங்களுக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கறுப்பே போதும். கோட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்க.

இப்போ சித்திக்கு சூப்பர் மார்க்கெட்டுக்கும் பொடி போடணும்னு ஆசை. அங்கே நம்ம 101 செல்லாது. இன்னொருத்தரும் அதே எண்ணை வெச்சிருக்கலாம். ஜிஎஸ்1 இந்தியாவில் கட்டணம் கட்டி எண் வாங்கணும். அந்த 13 இலக்க எண் 890-ல் தொடங்கும். (890 இருந்தா இந்தியாவில் செய்த பொருள்னு சொல்றது தப்பு. எண் எங்கே வாங்கினாங்க என்பதை மட்டும்தான் அது காட்டும்.)

கடைசி இலக்கம் நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். அது சரிபார்ப்பு இலக்கம். 200145000326-ஐ எடுத்துக்கோங்க. இடமிருந்து ஒற்றைப்படை இடங்களின் கூட்டல் 8. இரட்டைப்படை இடங்கள் 15, அதை 3-ஆல் பெருக்கினா 45. மொத்தம் 53. அடுத்த பத்தின் மடங்கான 60-க்கு 7 குறையுது. 13-வது இலக்கம் 7. ஒரு இலக்கம் தப்பானா கட்டாயம் மாட்டும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டும். 1-ம் 6-ம் போல வித்தியாசம் 5 ஆக இருந்தா மட்டும் தப்பிச்சிடும். ஏன்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க.