அப்பாவின் பழைய கணக்கு நோட்டு

கேள்வி: எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படிப்பு முடிந்ததும் லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு சப்ளை செய்ய ஆசை. அப்பா தறி ஓட்டிக் கடனாகி, தறிகளை விற்றவர். "நான் பட்டது போதும், நீ வேலைக்குப் போ" என்கிறார். வகுப்பில் பாதிப் பேர் சொந்தத் தொழில் என்றுதான் பேசுகிறார்கள். என் ஆசை நிஜமா, கூட்டத்தோடு வந்ததா?
— ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: கூட்டத்தோடு வந்த ஆசையும் நிஜமாகலாம். அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-ல் விரித்து எழுதிய கோட்பாட்டின்படி, ஒருவரின் எண்ணத்தை மூன்று விஷயங்கள் உருவாக்குகின்றன: அந்தச் செயலில் உள்ள விருப்பம், வேண்டியவர்களின் சம்மதம், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை. மாணவர்களின் தொழில் ஆசையை ஆராய்பவர்கள் இதைத்தான் அதிகம் கையாள்கிறார்கள். உங்களிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை, மூன்றாவதை நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை.

அந்த நம்பிக்கை பாடப் புத்தகத்தில் வராது. பக்கத்திலிருந்து பார்த்தும், கை வைத்துச் செய்தும்தான் வரும். கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் ஷாம்பு தொழில் தொடங்கினார். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்பதை அவர் அப்பா சின்னி கிருஷ்ணன் ஏற்கெனவே செய்து காட்டியிருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆசான் இருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்பதற்கு முன், பணம் எங்கே சிக்கியது என்று கேளுங்கள். நூல் விலையிலா, வட்டியிலா, வராத பாக்கியிலா? பழைய கணக்கு நோட்டு இருந்தால் இருவரும் உட்கார்ந்து புரட்டுங்கள்.

அடுத்து, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு தொகையை மட்டும் ஒதுக்குங்கள். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட எவ்வளவு இழந்தால் தாங்கும் என்று பார்த்து இறங்குவதே அனுபவசாலிகளின் வழி என்கிறார் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி. இருபது விரிப்புகள் வாங்கி, இரண்டு லாட்ஜுகளுக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பாருங்கள். மறு ஆர்டர் வந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், பட்டதாரிகளுக்கு முதலீட்டு மானியம் தரும் 'நீட்ஸ்' திட்டம் பற்றி விசாரிக்கலாம். அதற்கு முன் கடன் வேண்டாம்.

மறு ஆர்டர் வராவிட்டால் வேலைக்குப் போங்கள். முதல் விரிப்பை விற்கப் போகும்போதே அலுத்துப்போனால், அது கூட்டத்தோடு வந்த ஆசைதான். மூன்றாவது லாட்ஜைத் தேடிக் கால் தானாக நடந்தால், அப்பாவுக்கே அது தெரிந்துவிடும். அவரும் அப்படி நடந்தவர்தானே!